டப்பாவில் எழுதாதது

தூத்துக்குடி
14.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பிரியா எழுதுகிறேன். நீயும் மதினியும் ஷாமும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நலம் இல்லை. வழக்கத்துக்குக்கூட அப்படி எழுதக் கை வரவில்லை.

போன் இருக்கும்போது இது என்ன கடுதாசி என்று யோசிப்பாய். போனில் உன்னிடம் பேசி ஜெயித்தவர் யார்? நான் ஒன்று கேட்டால் நீ ஒன்பது சொல்லி, சிரிக்க வைத்து, கடைசியில் "வச்சிருதேன்ளா, பார்ட்டி வந்திருக்கு" என்று வைத்துவிடுவாய். "இவன் பல்லுப் போனவனுக்குப் பட்டாணி வித்துட்டு வந்துருவான்" என்று அப்பா சும்மாவா சொன்னார்? அதனால் எழுதுகிறேன். நீயும் எழுத்திலேயே பதில் சொல். எழுதிவிட்டால் பேச்சை மாற்ற முடியாது.

பாப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

போன வாரம் காய்ச்சல் வந்தது. மறுநாள் பால் குடிக்கவில்லை. "வேல்விழி, வேல்விழி" என்று கூப்பிடுகிறேன், கண்ணைத் திறக்கவில்லை. கை கால் துவண்டு தொங்கின. தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது என்றார்கள். குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்க வைத்த பிறகு, குழந்தை டாக்டரம்மா அவளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கன்னத்தைப் பார்த்தார், நெற்றியில் முளைத்திருந்த பூனைமுடியைப் பார்த்தார், உயரத்தை அளந்தார். "இவளுக்கு என்ன தடவுதீங்க?" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். உன் கம்பெனி டப்பா. முத்துமழலை பேபி க்ரீம்.

பேர் விடுகிற அன்று நீ கொண்டுவந்த சீர்த்தட்டில், வெள்ளிக் கொலுசுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தாயே, அதேதான். இடுப்பில் துணி கட்டுகிற இடம் சிவந்திருந்தது. தேங்காய் எண்ணெய் போதும் என்றார்கள் என் மாமியார். "எங்க அண்ணன் சீருல கொண்டாந்தது சும்மா அடுக்கி வைக்கவா?" என்று சண்டை போட்டது நான்தான். தாய்மாமன் கொடுத்ததை ஓரங்கட்டினால் பிறந்த வீட்டுக்கு என்ன மரியாதை? இரண்டே நாளில் சிவப்பு போனது. அதோடு விட்டேனா? தினம் மூன்று வேளை, உடம்பு முழுக்க. பிள்ளை கொழுகொழுவென்று ஆனாள். "என்னமாத் தேறிட்டா, ஊர்க்கண்ணு பட்டுரும்ளா" என்று மாமியார் செவ்வாயும் வெள்ளியும் மிளகாய் சுற்றிப் போட்டார்கள். நான் உன்னை நினைத்துப் பூரித்துப் போனேன்.

அது தேறினது இல்லையாம். நோயாம். ஸ்டீராய்டு மருந்து தோல் வழியாக உள்ளே இறங்கி, பிள்ளையின் உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை நிறுத்திவிட்டது என்கிறார் டாக்டர். அதனால்தான் ஒரு காய்ச்சலைக்கூட அவளால் தாங்க முடியவில்லை. டப்பாவில் கற்றாழை, தேங்காய்ப்பால், முத்துப்பொடி என்று போட்டிருக்கிறது. ஸ்டீராய்டு என்று எங்கும் இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான். டப்பாவுக்குள் என்ன இருக்கிறது? என்ன மருந்து, எவ்வளவு? அது தெரிந்தால்தான் பாப்பாவுக்குக் கொடுக்கிற மருந்தைச் சரியாக அளந்து குறைக்க முடியுமாம். உடனே எழுது.

மதினியைக் கேட்டதாகச் சொல். ஷாம் என்ன சொல்கிறான்? இப்போது நன்றாகப் பேசுவானே?

உன் தங்கை,
பிரியா

*

கோயம்புத்தூர்
22.7.2025

பாசத்துக்குரிய தங்கச்சிக்கு,

அண்ணன் சிவப்பிரகாஷ் எழுதுவது. திருச்செந்தூர் முருகன் அருளால் இங்கே தொழில் நல்லபடியாகப் போகிறது. மச்சான் சுகமா? துறைமுகத்தில் ஷிப்டு எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா? உன் மாமியாருக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது?

உன் கடிதம் கண்டு பதறிவிட்டேன். ஆனால் பிரியா, நீ சின்ன வயதிலேயே பயந்தவள். பிள்ளைக்கு ஆறு மாதம் நடக்கிறது, பல் முளைக்கிற காலம். காய்ச்சல் வரத்தான் செய்யும். டாக்டர்மாருக்கு இயற்கைப் பொருள் என்றாலே ஆகாது. பெரிய கம்பெனிக்காரன் அவர்களுக்குக் காரும் டூரும் கொடுக்கிறான், நாம் என்ன கொடுக்கிறோம்? நம் க்ரீமைப் பூசிய தாய்மார்கள் தினம் தினம் நன்றி சொல்லி வீடியோ அனுப்புகிறார்கள். எல்லோரும் பொய்யா சொல்கிறார்கள்?

உனக்கு மனம் ஒப்பவில்லை என்றால் இன்றோடு பூசுவதை நிறுத்திவிடு. ஒன்றும் ஆகாது. கற்றாழையைக் கூட்டிப் புதிதாக ஒன்று போட்டிருக்கிறோம். ஆறு டப்பா பார்சலில் வருகிறது. தெரிந்தவர்களுக்கும் கொடு.

ஆடி கழிந்ததும் பாப்பாவின் காதுகுத்துக்கு நாள் பாருங்கள். தாய்மாமன் மடி தயாராக இருக்கிறது. நீ போன மாதம் அனுப்பிய போட்டோ அருமை. அந்த மாதிரி சிரிக்கிற போட்டோ இன்னும் இரண்டு அனுப்பு.

அன்பு அண்ணன்,
சிவப்பிரகாஷ்

*

தூத்துக்குடி
28.7.2025

அண்ணனுக்கு,

பிரியா. என் மாமியாரின் மூட்டு வரைக்கும் நலம் விசாரித்தவன், நான் கேட்டதை மட்டும் தொடவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாய்.

"நிறுத்திவிடு, ஒன்றும் ஆகாது" என்று எழுதியிருக்கிறாயே, அதை டாக்டரம்மாவிடம் காட்டினேன். அவர் முகமே மாறிவிட்டது. "வீட்ல வச்சு இதக் கேட்டு நிறுத்தியிருந்தீங்கன்னா பிள்ள நம்ம கையில இருந்திருக்காது" என்றார். உடம்பு தானாகச் சுரப்பதை மறந்துபோன பிள்ளைக்குச் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாம். உனக்கு இது தெரியாதா? தெரியாமல் எழுதினாயா, தெரிந்தே எழுதினாயா? இரண்டில் எது என்று யோசிக்க யோசிக்க எனக்கு உடம்பு எரிகிறது.

முத்துப்பொடியாம்! நான் வாழ்கிற ஊர் எது என்று மறந்துவிட்டாயா? இந்தக் கடலில் முத்துக்குளித்து அறுபது வருஷத்துக்கு மேலாயிற்று. அன்றைக்கு முங்கினவர்களின் பேரன்மார் இன்று துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறார்கள். உனக்கு மட்டும் எந்தச் சிப்பி வாய் திறந்தது? கோயம்புத்தூருக்கு எப்போது கடல் வந்தது?

உனக்கு இன்னொன்றும் தெரிய வேண்டும். மரியசெல்வி என்று ஒருத்தி. பிரசவத்தில் எனக்குப் பக்கத்துக் கட்டில். திரேஸ்புரத்துக்காரி, வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். பாப்பா பிறந்த அன்றே அவளுக்கு ஆண் பிள்ளை, ரெக்சன் என்று பேர். அவனுக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு என்றாள். சீரில் வந்த டப்பாவில் இரண்டை எடுத்து நான்தான் கொடுத்தேன். "எங்க அண்ணன் கம்பெனி" என்று பெருமை வேறு அடித்தேன். பிறகு அவளே கடையில் வாங்க ஆரம்பித்துவிட்டாள். இன்றைக்கு அவனுக்கும் அதே கன்னம், அதே பூனைமுடி. பூசின இடமெல்லாம் புண் வைத்து அரசு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

உன் பார்சல் வந்தது. பிரிக்கவில்லை.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது, அண்ணே? ஷாம் எப்படி இருக்கிறான்? அவனுக்கும் இதைத்தான் பூசுகிறீர்களா? போன கடிதத்திலும் அவனை விசாரித்தேன்.

பிரியா

*

கோயம்புத்தூர்
18.8.2025

தங்கச்சிக்கு,

சிவப்பிரகாஷ் எழுதுவது. சுகம். அங்கும் சுகம் என்று நினைக்கிறேன். வேலை நெருக்கடியால் பதில் தாமதம்.

உன் கடிதத்தை எனக்குத் தெரிந்த வக்கீலிடம் காட்டினேன். எழுத்தில் எதையும் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டார். அதனால் நீ கேட்டதற்கு எழுத்தில் பதில் கிடையாது.

உன்னைத் தூண்டிவிடுவது யார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மச்சான் வீட்டாருக்கு நான் முன்னுக்கு வந்தது பொறுக்கவில்லை. அப்பா போன பிறகு உன் கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தியவன் நான். அதை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டாய். யாரோ ஒரு மீன்காரி பிள்ளைக்குப் புண் வந்ததற்கெல்லாம் நான் பொறுப்பாக முடியுமா?

இந்த விஷயமாக இனி எழுதாதே. காதுகுத்துக்கு நாள் குறித்தால் மட்டும் சொல். சீரோடு வருகிறேன்.

சிவப்பிரகாஷ்

*

தூத்துக்குடி
27.8.2025

அண்ணனுக்கு,

பிரியா. பாப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், நீ அதற்காகத்தான் காத்திருப்பாய்.

போன வாரம் டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டார். "ஒருத்தர் போன் பண்ணினார். பேர் சொல்லல. க்ரீம்ல இருக்க மருந்து பேரும் அளவும் சொன்னார். பேச்சு உங்க ஊர்ப் பேச்சு மாதிரிதான் இருந்துச்சு. சொல்லி முடிச்சிட்டு அழுதார்" என்றார். நான் வராண்டாவில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதேன். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது சரிதான். அந்தத் தகவலை அரசு ஆஸ்பத்திரியிலும் போய்ச் சொன்னேன். இப்போது பாப்பாவுக்கு மருந்தை அளந்து குறைக்கிறார்கள், கன்னம் வற்றுகிறது. எங்கள் அண்ணன் எங்கள் அண்ணன்தான் என்று நினைத்தேன். மன்னித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

அந்த நினைப்பு கடைத்தெரு வரைக்கும்தான் நிலைத்தது.

மருந்துக் கடையில் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறேன். கண்ணாடி அலமாரியில் உன் டப்பா வரிசையாக இருக்கிறது. புது டப்பா. அதன்மேல் என் மகள் சிரிக்கிறாள். ஆனி மாதம் நான் வாட்ஸப்பில் அனுப்பிய படம். அந்தக் கன்னம், அந்த வீங்கின கண். "நல்லா ஓடுதும்மா. இந்தப் பிள்ள மாதிரி ஆவணும்னுதான் வாங்கிட்டுப் போறாவ" என்கிறார் கடைக்கார அண்ணாச்சி. என் தோளில் கிடந்தவள்தான் அந்தப் பிள்ளை என்று அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

நோவு பிடித்த முகத்தை அழகு என்று ஒட்டி விற்கிறாயே, நீ மனுஷனா? எந்த மருந்து, எவ்வளவு என்று டாக்டரிடம் சொல்லி அழத் தெரிந்தவனுக்கு, மறுநாள் அதே மருந்தைக் கலக்கக் கை எப்படி வந்தது? என் பிள்ளை சாகக்கூடாது, ஊரார் பிள்ளை செத்தால் பரவாயில்லையா? மீன்காரி பிள்ளை என்று எழுதியிருக்கிறாய். அவன் பேர் ரெக்சன்.

மூன்று காரியம் செய். எல்லாக் கடையிலிருந்தும் டப்பாவைத் திரும்ப எடு. என்ன கலந்தாய் என்று உன் இன்ஸ்டாகிராமில் நீயே நின்று சொல். இதுவரை பூசினவர்கள் சட்டென்று நிறுத்தாமல் பிள்ளையை டாக்டரிடம் காட்டும்படி சொல். புரட்டாசி பிறக்கட்டும் என்று பார்ப்பேன். அதற்குள் நீ செய்யவில்லை என்றால் நான் மருந்து ஆய்வாளரிடம் போவேன்.

ஷாமைப் பற்றி ஒரு வரி எழுதக்கூட உனக்கு நேரமில்லையா?

பிரியா

*

கோயம்புத்தூர்
5.9.2025

அன்புத் தங்கச்சி பிரியாவுக்கு,

பாப்பா வீடு வந்து சேர்ந்ததில் பெரிய நிம்மதி. உன் மதினி மருதமலையில் அர்ச்சனை செய்தாள். டாக்டரிடம் யார் பேசினார்களோ எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் நல்ல மனசு.

போட்டோ விஷயம் தப்புதான். டிசைன் செய்கிற பையன் என்னைக் கேட்காமல் போட்டுவிட்டான். அடுத்த முறை அச்சடிக்கும்போது எடுத்துவிடுகிறேன்.

மற்றதெல்லாம் நடக்கிற காரியமா சொல். கம்பெனியில் பெண்கள் வேலை பார்க்கிறார்கள், எல்லாம் கஷ்டப்பட்ட குடும்பம். நான் இன்ஸ்டாகிராமில் நின்று வாயைத் திறந்தால் அன்றைக்கே ஜெயில். அம்மா தாங்குவாளா? உடன்குடியில் நம் குடும்பத்துக்கு இருக்கிற பேர் என்ன ஆகும்? கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் குறைத்து, தை மாதத்துக்குள் இல்லாமலே ஆக்கிவிடலாம் என்று யோசித்திருக்கிறேன். யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும்.

நம் பிள்ளைக்குச் சரியாகிவிட்டது அல்லவா? அதைப் பார். உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், அவசரப்படாதே.

அண்ணன்

*

தூத்துக்குடி
20.9.2025

அண்ணனுக்கு,

பிரியா. நாங்கள் எல்லோரும் சுகம். பாப்பா குப்புற விழுகிறாள், சிரிக்கிறாள். பார்க்கிறவர்கள் "என்ன இப்படி மெலிஞ்சிட்டா" என்று துக்கம் விசாரிக்கிறார்கள்.

அளவைக் குறைப்பதாக எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் இருக்கிறது. வக்கீல் சொன்னதை மறந்துவிட்டாய் போலிருக்கிறது. தை மாதம் வரை எத்தனை வீட்டில் பூசுவார்கள் என்று யோசித்தாயா?

நேற்று நானும் மரியசெல்வியும் ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போய்ப் புகார் கொடுத்துவிட்டோம். நீ அனுப்பின ஆறு டப்பாவையும் பிரிக்காமல் அப்படியே கொடுத்தேன். "எதிர்த் தரப்பு உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்கள். கூடப்பிறந்த அண்ணன் என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எழுதுங்க சார்" என்றேன்.

அம்மா போனில் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள். "ஏளா, ஒரு வயித்துல பொறந்தவன மாட்டி விடுதியே, நீ நல்லா இருப்பியா? நாளைக்கு ஒனக்கு ஒண்ணுன்னா அவந்தானளா வரணும்?" என்று கத்தினாள். நான் சொன்னேன், "எனக்கு ஒண்ணு வந்ததே அவனாலதானம்மா."  அம்மா அழுகிற சத்தம் கேட்டது. எனக்கு மட்டும் அழுகை வராதா? உன்னோடு சைக்கிள் பாரில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனவள் நான்.  ஆனால் டப்பாவில் என் பிள்ளையின் முகத்தைப் பார்த்த பிறகு அழுகையைவிடக் கோபம்தான் முந்துகிறது.

ஷாமைப் பற்றி மறுபடியும் ஒன்றும் எழுதவில்லை. மதினியும் என் போனை எடுப்பதில்லை.

பிரியா

*

கோயம்புத்தூர்
11.10.2025

பிரியாவுக்கு,

உன் ஆசை நிறைவேறியது. வந்தார்கள். கம்பெனியைப் பூட்டி சீல் வைத்தார்கள். வீட்டுக்குள்ளும் புகுந்து, இருந்த டப்பா அத்தனையும் அள்ளிக்கொண்டு போனார்கள். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. ஜாமீன் வாங்கி வெளியே இருக்கிறேன்.

அம்மா வந்து பார்த்து அழுதுவிட்டுப் போனாள். இனி எனக்குத் தங்கை கிடையாது. காதுகுத்துக்கு வேறு மடி பார்த்துக்கொள். உன் நம்பரை பிளாக் செய்துவிட்டேன்.

சிவப்பிரகாஷ்

*

தூத்துக்குடி
15.10.2025

அண்ணே,

இந்தக் கடிதத்தை உன் மச்சான் கையில் கொடுத்து இன்று மத்தியானப் பேருந்தில் அனுப்புகிறேன். அவரை வாசலில் நிறுத்திச் சண்டை போடாதே. முதலில் இதைப் படி.

காலையில் அம்மா உடன்குடியிலிருந்து போன் செய்தாள். என்னைத் திட்டத்தான் கூப்பிட்டாள். திட்டுகிற பேச்சோடு பேச்சாக, "ஷாம் பயலாவது நல்லா இருக்கான், அந்த மட்டும் சரி. கன்னம் ரெண்டும் நம்ம பாப்பாவுக்கு முந்தி இருந்துச்சே அப்பிடியே இருக்கு. என்ன, ஆளு வளரவே இல்ல. அவன் அப்பன் டென்சன்ல பிள்ளையும் வாடிட்டான். நேத்து ஒன் மதினி போன்ல சொன்னா, ரெண்டு நாளா சோறு இறங்கலயாம், வாந்தி எடுக்கான், எந்நேரமும் ஒறங்கிக்கிட்டே கெடக்கான்" என்றாள்.

 உனக்குப் போன் போட்டேன், போகவில்லை. மதினி போன் அணைந்து கிடக்கிறது. அம்மாவைப் பேசச் சொன்னேன், நீ எடுக்கவில்லை. நான் சொல்லித்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்திருப்பாய்.

அவனுக்கும் பூசினாய். எத்தனை கடிதத்தில் கேட்டேன்! பாவி, உன் பிள்ளைக்கு மட்டும் பூசியிருக்க மாட்டாய், அதனால்தான் பேச்சை மாற்றுகிறாய் என்று இத்தனை நாளும் நினைத்து உன்னை வைதுகொண்டிருந்தேன். பூசியிருக்கிறாய். வந்தவர்கள் டப்பாவை எல்லாம் அள்ளிப் போனதும் பூசுவதற்கு ஒன்றும் இல்லாமல் சட்டென்று நின்றுவிட்டது. இது தூக்கம் இல்லை. பாப்பா துவண்டு கிடந்ததும் இப்படித்தான்.

நான் கொடுத்த புகாரால்தான் ஷாமுக்கு இது வந்தது, அது எனக்குத் தெரிகிறது. ஆனாலும் புகார் கொடுத்தது தப்பு என்று எழுத மாட்டேன். நீ ஆடி மாதமே ஒரு வரி எழுதியிருந்தால் அன்றைக்கே அவனையும் சேர்த்துப் பார்த்திருப்போம்.

இப்போதே பிள்ளையைத் தூக்கு. மச்சான் கூட வருவார். ஆஸ்பத்திரியில் பல் முளைக்கிறது, வயிறு சரியில்லை என்று கதை அளக்காதே. என்ன மருந்து, எவ்வளவு நாளாகப் பூசினாய் என்று உள்ளே நுழைந்ததும் சொல். வக்கீலைக் கேட்டுக்கொண்டு நிற்காதே. என்னோடு பேசாவிட்டால் போ. ஷாமைத் தூக்கு அண்ணே, உன்னைக் கும்பிடுகிறேன்.

பிரியா

*

கோயம்புத்தூர்
26.10.2025

அன்புள்ள தங்கச்சி பிரியாவுக்கு,

ஆஸ்பத்திரியில் இருந்து எழுதுகிறேன். உள்ளே நுழைந்ததும் நீ சொன்னபடியே என்ன மருந்து, எவ்வளவு நாள் என்று சொல்லிவிட்டேன். ஷாம் பிழைத்துவிட்டான். இன்று காலையில் இட்லி கேட்டான். மச்சான் நான்கு நாள் லீவு போட்டு எங்களோடேயே கிடந்தார். வாசலில் அவரைப் பார்த்ததும் நான் பேசின பேச்சுக்கு வேறு ஒருவராக இருந்தால் திரும்பிப் போயிருப்பார்.

ஒவ்வொரு கடிதத்திலும் நீ ஷாமைக் கேட்டாய். பதில் எழுத உட்கார்ந்தால் பேனா ஓடாது. அவனுக்குக் கைக்குழந்தையிலேயே கரப்பான். ராவும் பகலும் சொறிவான். ஒரு டாக்டர் ஐந்து நாள் பூசச் சொல்லி ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். மாயம் மாதிரி ஆறியது. ஐந்து நாளைக்கு நல்லது எப்போதும் நல்லதுதானே என்று விடாமல் பூசினோம். அதிலிருந்துதான் கம்பெனியே பிறந்தது. அதைக் கற்றாழையில் கலந்து, நம் ஊர் முத்து என்று பேர் வைத்தேன். உன் முதல் கடிதம் வந்த அன்று ஷாமின் கன்னத்தைப் பார்த்தேன். அவன் நெற்றியிலும் பூனைமுடி இருந்தது. டாக்டரிடம் காட்டினால் எல்லாம் வெளியே வரும் என்று காட்டாமல் இருந்தேன். பெற்றவன் செய்கிற காரியமா இது?

எழுதுகிறேன். ஸ்டீராய்டுதான், பேர் க்ளோபெட்டசால். கலந்தது நான், வேறு யாரும் இல்லை. இந்தக் கடிதத்தை ஆய்வாளரிடம் கொடுத்துவிடு.

உன்னால்தான் என் பிள்ளை எனக்குக் கிடைத்தான். இனி உனக்கும் எனக்கும் இடையில் ஒன்றும் இல்லை என்று ஒரு வரி எழுது. அது போதும். வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

உன் அண்ணன்,
சிவப்பிரகாஷ்

*

தூத்துக்குடி
3.11.2025

அண்ணனுக்கு,

பிரியா. ஷாம் இட்லி கேட்டான் என்று படித்ததும் சத்தமாக அழுதுவிட்டேன். மாமியார் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்கள். அவனுக்கு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைப்பார்கள். காய்ச்சல் அடித்தால் உடனே கொண்டு போக வேண்டும். மதினியிடம் சொல், எப்போது வேண்டுமானாலும் எனக்குப் போன் செய்யலாம். பாப்பாவுக்கு இன்னும் ஒரு வருஷத்துக்குக் காதுகுத்து வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மடியைப் பற்றி அப்புறம் பேசலாம்.

உன் கடிதத்தை ஆய்வாளரிடம் கொடுத்துவிட்டேன். கொடுப்பதற்கு முன்னால் திரேஸ்புரம் போனேன். ரெக்சனைத் திரும்பவும் ஆஸ்பத்திரியில் வைத்து நேற்றுத்தான் கூட்டி வந்திருக்கிறார்கள். ஒரு புண் ஆறினால் இன்னொன்று வைக்கிறது. சின்னச் சளி பிடித்தாலும் நெஞ்சில் இறங்கிவிடுகிறது. மரியசெல்வி அவனை மடியில் வைத்து விசிறிக்கொண்டு இருந்தாள். உன் கடிதத்தை அவளுக்கு முழுக்க வாசித்துக் காட்டினேன். மனது இளகுவாள் என்று நினைத்தேனோ என்னவோ.

விசிறுவதை நிறுத்தாமல் கேட்டாள். முடித்ததும் சொன்னாள், "ஒங்க பிள்ளைக்கு ஒண்ணுன்னதும் ஒங்க அண்ணன் டாக்டரம்மாட்ட போன்ல சொல்லிட்டாரு. அவரு மவனுக்கு ஒண்ணுன்னதும் ஆஸ்பத்திரியில சொல்லிட்டாரு. எம் பிள்ளைக்கு யாரு சொன்னா, அக்கா?"

நான் சொன்னேனே என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அவள் கேட்டது என்னை இல்லை.

உனக்கும் எனக்கும் இடையில் ஒன்றும் இல்லை என்று எழுதச் சொல்கிறாய். எனக்கு எழுத மனம் வரவில்லை. அது நான் எழுதிக் கொடுக்கிற வரியும் இல்லை. அவள் கேட்டதற்குப் பதில் எழுது. எனக்கு எழுதாதே. அவளுக்கு எழுது. அவளுக்கு நன்றாக வாசிக்கத் தெரியும்.

மரியசெல்வி,
ரெக்சனின் அம்மா,
மாதா கோயில் பின் தெரு,
திரேஸ்புரம்,
தூத்துக்குடி.